பேசாத அன்பியங்களும் பேசும் இறைவார்த்தையும்

நம் பங்கின் யூபிலி மலரைப் புரட்டும் அன்பர்கள், கோயில் எழும்பிய வரலாற்றையும், இங்கு உழைத்துச் சென்ற குருக்களின் வரலாற்றையும் இதில் காண்பார்கள். இவற்றோடு, இதுவரை எழுதப்படாத வேறொரு வரலாற்றையும் சேர்த்து வைக்க விரும்புகிறோம். அது நம் மக்களின் மௌனத்தின் வரலாறு.

அன்பியம் கூடுகிறது. பாடல் பாடி, செபம் சொல்லி, நற்செய்தி வாசிக்கிறோம். "இனி யாராவது பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று பொறுப்பாளர் சொன்னதும் தலைகள் குனிந்துவிடுகின்றன. சற்றுப் பொறுத்துப் பார்த்தபின் பொறுப்பாளரே ஒரு சிறு பிரசங்கம் செய்து கூட்டத்தை முடிக்கிறார். நாளடைவில் அவருக்கும் சலிப்புத் தட்டுகிறது, வருகிறவர் தொகையும் குறைகிறது. "நம் சனங்களுக்குப் பேச வராது" என்பதே முடிவான தீர்ப்பாகிவிடுகிறது. சந்தையில் பேரம் பேசவும், பஞ்சாயத்தில் நியாயம் கேட்கவும் தெரிந்த மக்களுக்கா பேச வராது?

இம்மௌனத்தின் வேர் ஆழமானது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், முக்கிய செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனனம் செய்தார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, தாம் சொல்லச் சொல்ல அவர்களையும் சொல்ல வைத்தார். 1578-ல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் கொண்ட ஞான உபதேச நூல். மறு ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவும் விடையுமாகவே அமைந்தது.

குருவானவரைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்களில் விசுவாசத்தை அணையாமல் காத்தவை இந்த மனப்பாடமும், அதைச் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின் உழைப்புமே. அதை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும், ஒரு கேள்விக்கு ஒரே விடை, அது ஏட்டில் உள்ளது, தவறினால் திருத்தப்படுவோம் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே நம் உள்ளத்தில் பதிந்துவிட்டது.

விவிலியமோ நெடுங்காலம் நம் வீடுகளுக்கு எட்டவில்லை. தாய்மொழியில் அதை வாசிக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்று 1564-ல் வெளியான தடைநூற் பட்டியலின் விதி கூறியது. 1757-ல்தான், முறையான விளக்கக் குறிப்புகளுடன் கூடிய பதிப்புகளுக்கு உரோமை இடங்கொடுத்தது. இதற்கிடையே 1714-15-ல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். விவிலியம் ஏந்துவது பிரிந்த சகோதரரின் வழக்கம், செபமாலை ஏந்துவதே நம் வழக்கம் என்ற நினைப்பும் நம்மிடையே வளர்ந்தது.

1965 நவம்பர் 18-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, மறைநூலை விசுவாசிகள் அனைவருக்கும் திறந்துவிடப் பணித்தது. 1967-ல் அமலோர்பவதாஸ் அடிகளாரின் தலைமையில் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் எழுந்தது. 1995-ல் பிற சபையினரோடு இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு நம் கைக்கு வந்தது. நூல் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாவின் கட்டு மட்டும் அவிழவில்லை.

இதற்கு ஒரு வழி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே லும்கோ என்னும் நிலையத்தில் பணியாற்றிய ஜெர்மானியக் குருக்கள் லோபிங்கர், ஹிர்மர் ஆகியோர், எளிய மக்கள் தாங்களே கூடி நற்செய்தியைப் பகிர்ந்துகொள்ள ஏழு படிகளைக் கொண்ட ஒரு முறையை வகுத்தளித்தார்கள். ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொல்லை எடுத்துரைத்தல், மௌனம் காத்தல், பகிர்தல், செய்யவேண்டிய பணியைத் தீர்மானித்தல், செபித்தல் என்பன அப்படிகள். 1990-ல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள் சிறு கிறிஸ்தவ சமூகங்களை வலியுறுத்தியபின், இம்முறை ஆசியாவெங்கும் பரவிற்று. நம் அன்பியங்களும் இதை அறியும்.

மூன்றாம், நான்காம் படிகளைச் சற்று ஊன்றிக் கவனிப்போம். மூன்றாம் படியில் எவரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வாசகத்திலுள்ள ஒரு சொல்லையோ சிறு தொடரையோ செப உணர்வோடு இரண்டு மூன்று முறை சொன்னால் போதும். அதில் தவறான விடை என்பதே கிடையாது. எழுத்தறியாத பாட்டியும் காதால் கேட்ட ஒரு சொல்லைச் சொல்லலாம். திருப்பிச் சொல்லும் நம் பழைய பழக்கமே இங்கே வாசலைத் திறக்கிறது! நான்காம் படியில் மௌனம் கூட்டத்தின் குறையாக இராமல், கூட்டத்தின் செபமாகவே ஆகிவிடுகிறது.

ஆகவே, பொறுப்பாளர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். மௌனத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். "இதன் பொருள் என்ன?" என்று கேட்டால் மக்களுக்குப் பரீட்சை நினைவுதான் வரும். "எந்தச் சொல் உங்களைத் தொட்டது?" என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்கு நீங்களே விடை கூறிவிடாதீர்கள். ஒருவர் பகிர்ந்ததை மற்றவர் திருத்தவோ விவாதிக்கவோ இடந்தரலாகாது என்பது இம்முறையின் முக்கிய விதி. அங்கே கேட்ட வீட்டுத் துயரம் தெருவுக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். அவர் வந்து அமர்ந்திருப்பதே ஒரு பங்களிப்பு. குருக்களாகிய நாமும் அன்பியத்துக்கு வந்தால், கடைசி வார்த்தை நம்முடையதாகவே இருக்கவேண்டும் என்று எண்ணலாகாது.

எம்மாவுசுக்குப் போன சீடரிடம் உயிர்த்த ஆண்டவர் எடுத்த எடுப்பிலேயே மறைநூலை விளக்கிவிடவில்லை. வழியில் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அவர்களோ முகவாட்டத்தோடு நின்றுவிட்டார்கள். அவர் பொறுத்திருந்தார். கிளையோப்பா வாய் திறந்து, தங்கள் ஏமாற்றம் முழுவதையும் சொல்லி முடித்த பின்னரே அவர் விளக்கத் தொடங்கினார்.

நாநூறு ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் பழகிய மக்கள் நாலு கூட்டத்தில் பேசிவிடமாட்டார்கள். ஆயினும், நம் முன்னோர் கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய கோயிலை நிலைநிறுத்தப் போவது, அதன் தெருக்களில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் இறைவார்த்தையே. இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு அன்பியத்திலும் இதுவரை பேசாத ஒருவர் ஒரு சொல்லேனும் சொல்வாராக! அதைப் பொறுமையோடு கேட்கும் செவியை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!