இலக்கியத்துக்கு எத்தனை மார்க்?

நம்ம குடும்பங்களில் ஒரு பெண்ணோ பையனோ ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "நெட் எழுதியாச்சா?" கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வழக்கமான வாசல் அதுதான். 2 தாள், 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். எழுதுபவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான் தகுதி கிடைக்கும்.

கொல்கத்தாவில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் மகள் மூன்று முறை எழுதிவிட்டாள். மூன்று முறையும் நூலிழையில் போனது. அப்பா என்னிடம் கேட்டார்: "சார், பேசாம பி.காம். சேர்த்திருக்கலாமோ?" (பி.காம். படித்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது!) மகளுடைய கேள்வி வேறு. "அங்கிள், எந்த நாவல் முதல்ல வந்தது, எது அடுத்துன்னு வரிசைப்படுத்தறதுதான் இலக்கியமா?"

இரண்டுக்கும் பதில் தேடி நான் படித்த கொஞ்சம் சரித்திரம்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு ஆச்சரியம். ஆங்கில இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாக இங்கிலாந்தில் வேரூன்றியது தாமதமாகத்தான். லண்டனில் 1828-லேயே ஆங்கிலத்துக்குப் பேராசிரியர் வைத்தார்கள். ஆனால் ஆக்ஸ்போர்டில் அது தனி ஹானர்ஸ் படிப்பானது 1890-களில். கேம்பிரிட்ஜில் 1917-ல். அதுவரை அங்கே இலக்கியம் என்றால் கிரேக்கமும் லத்தீனும்தான். ஷேக்ஸ்பியரை வீட்டில் படித்துக்கொள்ளலாம், அதற்கு வகுப்பு எதற்கு என்ற நினைப்பு.

நம் ஊரில் கதை தலைகீழ். 1817-ல் கல்கத்தாவில் இந்துக் கல்லூரி தொடங்கியது. 1835-ல் மெக்காலேயின் குறிப்பு. அடுத்துத்தான் வேலை வருகிறது. 1844 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஒரு உத்தரவு போட்டார். ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை. யார் தகுதியானவர் என்று முடிவு செய்ய ஒரு தேர்வு. அதில் கேட்டது மில்டன், பேக்கன், ஜான்சன் வகையறா. அரசுக் கல்லூரிப் பாடத்தை ஒட்டியே கேள்வி வருகிறது என்று மிஷன் கல்லூரிகள் குறைப்பட்டுக்கொண்டன. "அவுட் ஆஃப் சிலபஸ்" என்ற புகாருக்கு அவ்வளவு வயசு!

ஆக, ஆங்கில இலக்கியம் இந்தியாவில் காலூன்றும்போதே வேலைக்கான நுழைவுச் சீட்டாகத்தான் காலூன்றியது. நெட் தேர்வு அதைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஐ.சி.எஸ். கம்பெனி இயக்குநர்களின் சிபாரிசில் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டு, 1855-ல் லண்டனில் போட்டித் தேர்வு ஆரம்பித்தார்கள். பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மெக்காலேதான்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் கணக்குப் பிள்ளையான எனக்கே கண் விரிந்தது. மொத்தம் 6,875. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு சேர்த்து 1,500. கணிதம் 1,000. கிரேக்கம் 750, லத்தீன் 750. சமஸ்கிருதம் 375, அரபி 375. இந்தியாவை ஆளப் போகிறவருக்கு இந்திய மொழி தெரிந்தால் கிடைப்பது கிரேக்கத்துக்குக் கிடைப்பதில் பாதி. தமிழ் பட்டியலிலேயே இல்லை. ஒரு அரசு எதை மதிக்கிறது என்று தெரிய சொற்பொழிவெல்லாம் கேட்க வேண்டாம், மார்க் பட்டியலைப் பார்த்தால் போதும். இந்தத் தேர்வை இந்திய மண்ணிலேயே எழுத 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. மாதிரி, அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். அதாவது பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. கல்லூரிகள் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், மதிப்பெண் போடுபவர் வேறொருவர். மாணவன் என்ன செய்வான்? வாத்தியார் சொல்வதை விட்டுவிட்டுத் தேர்வாளர் என்ன கேட்பார் என்று பார்ப்பான். நோட்ஸும் கைடும் பிழைப்பதற்கு வழி அங்கே பிறந்தது.

1858-ல் கல்கத்தா முதல் பி.ஏ. தேர்வு நடத்தியது. தேறியவர்கள் இரண்டே பேர், அதுவும் கருணை மதிப்பெண் போட்டு. ஒருவர் ஜதுநாத் போஸ். இன்னொருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாய். ஆமாம், வந்தே மாதரம் எழுதிய பங்கிம்தான். அந்த வருஷமே டெபுடி மாஜிஸ்திரேட் வேலை கிடைத்தது. தேர்வின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று அரசு நினைத்திருக்கும்.

ஆனால் அவர் 1864-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். அடுத்த வருஷமே வங்காளிக்குத் திரும்பி "துர்கேசநந்தினி" எழுதினார். அதற்குப் பிறகு அவருடைய நாவல்களெல்லாம் வங்காளியில்தான். ஆங்கிலத்தில் கற்றுக்கொண்ட நாவல் வடிவத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நம் பக்கமும் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர். ஆசிரியராக, பத்திரிகை ஆசிரியராக, அரசுக் கணக்குத் துறையில் என்று பல வேலை பார்த்தார். (நம்ம இனம்!) ஆனால் நாம் அவரை நினைப்பது அதற்காகவா? 1881-ல் வீரசோழியம், 1887-ல் கலித்தொகை என்று செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி அச்சேற்றியதற்காக. இத்தனைக்கும் தாய்மொழி இலக்கியத்துக்கு எம்.ஏ. என்று கல்கத்தாவில் ஒரு படிப்பு வந்ததே 1919-ல்தான்.

இரண்டு பேருமே ஆங்கிலத் தேர்வு வழியாக வந்தவர்கள். அவர்கள் பின்னால் செய்த காரியத்தை எந்த விடைத்தாளும் அளந்திருக்க முடியாது.

அளக்க முடியுமா என்ற சண்டை ஆக்ஸ்போர்டிலேயே நடந்தது. 1887-ல் ஃப்ரீமன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் ஆங்கில இலக்கியப் படிப்பை எதிர்த்தார். ரசனைக்குத் தேர்வு வைக்க முடியாது, தகவலுக்குத்தான் வைக்க முடியும் என்பது அவர் வாதம். படிப்பு வந்தபோது பழைய ஆங்கிலமும் மொழி வரலாறும் அதில் பெரிய இடம் பிடித்தன. அவற்றில் சரி தவறு சொல்லலாம் பாருங்கள்.

எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கடன் கேட்டு வருகிறவரின் நாணயத்தை எப்படி அளப்பது? அளக்க முடியாது. அதனால் அளக்க முடிந்ததை அளக்கிறோம். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, சிபில் ஸ்கோர். அதில் நல்ல மனிதர்கள் சிலர் வெளியே நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் அதைத் தூக்கிவிட்டு "ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்று போனால், மேனேஜருக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் கடன் கிடைக்கும்.

நெட் கதையும் இதேதான். 1989-ல் தொடங்கியபோது மூன்றாம் தாள் கட்டுரை வடிவில் இருந்தது. ஒரு கவிதையைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம். 2012 ஜூன் முதல் அதுவும் கொள்குறி வினா ஆனது. 2018 டிசம்பரிலிருந்து தேசியத் தேர்வு முகமை கணினியில் நடத்துகிறது. திருத்துபவரின் விருப்பு வெறுப்பு போனது லாபம். பெரிய நகரத்துக் கல்லூரியில் படிக்காத பிள்ளைக்கு இது உண்மையான லாபம். ஆனால் சொந்தமாக ஒரு பத்தி யோசித்து எழுதத் தெரியுமா என்ற கேள்வி காணாமல் போனது நஷ்டம். எழுதச் சொல்லித்தரப் போகிற ஆசிரியருக்கு வைக்கும் தேர்வில் எழுதவே வேண்டாம்!

தேர்வை நடத்தும் இயந்திரமும் தவறாதது இல்லை. 2024 ஜூன் 18-ல் 9 லட்சம் பேருக்கு மேல் எழுதிய நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மறுதேர்வு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கியது. எந்தத் தப்பும் செய்யாத பிள்ளைகள் இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

ஒரு வேடிக்கை சொல்லவா? இன்றைய நெட் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் "இந்தியாவில் ஆங்கிலம்" என்றே ஒரு அலகு இருக்கிறது. மெக்காலே இப்போது தேர்வு வைப்பவர் இல்லை, கேள்வித்தாளில் ஒரு கேள்வி. :-)

அந்த அப்பாவுக்கு நான் சொன்னது: "சார், பி.காம். படிச்சாலும் வாசல்ல ஒரு தேர்வு நிக்கும். நான் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் எழுதறேன்." மகளுக்குச் சொன்னது: "வரிசைப்படுத்தறது இலக்கியம் இல்லைம்மா. அது வாசல். வாசலுக்கு என்ன கூலியோ அதைக் கொடு, தினம் ரெண்டு மணி நேரம். மீதி நேரம் மதிப்பெண்ணுக்கு இல்லாம ஒரு புத்தகம் படி, நாலு வரி சொந்தமா எழுது. தமிழ்ல எழுதினாலும் சரி."

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்காமல் இருக்க முடியாது, தெரியும். கூடவே "என்ன படிச்சே, பிடிச்சுதா?" என்றும் கேட்போமே. அந்தக் கேள்வியைக் கேட்க எந்தத் தேர்வு முகமையும் வரப்போவதில்லை.