முற்றத்தில் விளைந்த ரசனை

மறைந்தவரைப் பற்றி மலருக்கு எழுதும்போது நமக்கு ஒரு பழக்கம் உண்டு. அவருடைய பதவிகளையும் நூல்களையும் முன்னால் வைத்துவிட்டு, விருந்தோம்பினார், பிள்ளைகளிடம் பிரியமாக இருந்தார், நண்பர்களைத் தாங்கினார் என்பதைக் கடைசிப் பத்தியில் நாலு வரியில் முடித்துவிடுவோம். 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருக்கு அந்த வரிசை பொருந்தவே பொருந்தாது. அவர் வக்கீலுக்குப் படித்தார், சென்னை மாகாணத்தில் அறநிலையத் துறை ஆணையராக இருந்தார், ‘இதய ஒலி’ எழுதினார், கம்பரையும் முத்தொள்ளாயிரத்தையும் விளக்கத்தோடு பதிப்பித்தார். எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய விமரிசனம் விளைந்த இடம் வீட்டு முற்றம். கலகலப்பான குடும்பஸ்தரைத் தனியே ஒதுக்கி வைத்தால் விமரிசகரும் நம் கைக்குக் கிடைக்கமாட்டார் என்பதே என் கட்சி.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டு வட்டமாக அமைந்திருந்தது. அங்கே கூடியவர்களுக்கு ‘வட்டத்தொட்டி’ என்ற பெயர் அதனால்தான் வந்தது. இந்த அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வட்டத்தில் மேடை கிடையாது, முன்வரிசை கிடையாது, தலைவருக்கென்று நாற்காலியும் கிடையாது. டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, ஓரடியைத் திரும்பத் திரும்ப, இழுத்தும் நிறுத்தியும் சொல்லுவார். கேட்பவர் முகம் மலர்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த அடிக்குப் போவார். எதிரே ஆள் இல்லாமல் இந்த முறை நடக்காது. வீட்டுக்கு வந்தவர் பசியாறி, கூச்சம் தெளிந்து, தன் வீடுபோல உட்கார்ந்தால்தான் முகத்தில் பொய்யில்லாமல் ரசனை தெரியும். அப்படி உட்கார்ந்து எழுந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதே நல்ல சாட்சி. நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வேங்கடம் முதல் குமரி வரை கோயில் கோயிலாக நம்மை அழைத்துப் போனார். இரண்டு பேருமே உத்தியோகஸ்தர்கள். தமிழைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் இல்லை.

மற்றொரு சாட்சி கடிதங்கள். அவர் கடிதத்தில் நலம் விசாரிப்பும் குற்றாலத்துச் சாரலும் கம்பர் பாட்டும் ஒரே மூச்சில் வரும். மகன் தீத்தாரப்பன் இளம் வயதில் மறைந்தபோது கவிமணி ஆறுதலாகக் கவிதை எழுதி அனுப்பினார். புத்திர சோகத்துக்கு நடுவிலும் அந்தக் கவிதையை அவர் கவிதையாகவே அனுபவித்தார் என்பதைப் பலர் வியப்போடு பேசியிருக்கிறார்கள். எனக்கு அதில் கல்நெஞ்சம் தெரியவில்லை. வீட்டையும் பாட்டையும் வேறுவேறாகப் பார்க்கத் தெரியாத மனசு, துக்கத்திலும் பாட்டின் மேல்தான் சாயும்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. விருந்தோம்பல் என்று ஆண்பிள்ளையைப் புகழ்கிறோமே, அடுப்படியில் நின்றது யார் என்று கேட்பது நியாயம். மனைவி பிச்சம்மாள் அவர்களின் உழைப்பில்லாமல் வட்டத்தொட்டி ஒரு வாரம்கூட நடந்திராது. அந்த வரலாற்றில் அவர் பெயர் முதல் பக்கத்திலேயே வரவேண்டும். இதைவிடக் கடுமையானது பதிப்பாசிரியர்களின் மறுப்பு. காதுக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களைத் தம் விருப்பப்படி திருத்தினார் என்கிறார்கள். இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஏடு சொல்லாததைக் காது தீர்மானிக்க முடியாது. இந்தக் குறையும் அதே முற்றத்தில்தான் விளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அன்பான கூட்டம் தலையாட்டும்போது, ‘இப்படி ஒரு பாடம் எங்கே இருக்கிறது?’ என்று இடைமறித்துக் கேட்க யாருக்கும் மனசு வராது. குணமும் குற்றமும் ஒரே வேரில் கிளைத்தவை என்றால், அந்த வேர் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது இன்னும் உறுதிப்படுகிறது. பாடபேதத்துக்கு அவரை நம்பவேண்டாம். ஒரு பாட்டை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பதற்கு அவரைவிட்டால் எனக்கு வேறு ஆசான் தெரியவில்லை.

அவர் எழுதிய கடிதங்கள் நூல்களாக வந்திருக்கின்றன. ஆனாலும் நாலு திசையிலும் நண்பர்கள் இருந்த மனிதர் அவர். யார் வீட்டுப் பெட்டியிலாவது இன்னும் ஒன்றிரண்டு கிடக்கலாம். இருந்தால் படியெடுத்து வையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது பேரப்பிள்ளைகளை விசாரித்த வரிகளை அநாவசியம் என்று வெட்டிவிடாதீர்கள்.