கலியாணக் குறியிலிருந்து குழந்தை விளையாட்டு வரை: ஹாலோவீன் விருந்தாட்டங்களின் வரலாறு

நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்தைய இரவு ஹாலோவீன். அன்று அமெரிக்க வீடுகளில் குழந்தைகள் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளைக் கைபடாமல் வாயால் கவ்வுகிறார்கள். நூலில் தொங்கும் டோனட்டைக் கடிக்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மணமாகாத இளைஞர்கள் தமக்கு வாய்க்கப்போகும் துணையைப் பற்றிக் குறி பார்த்த வழக்கங்களோடு இவ்வாட்டங்களுக்கு நெருங்கிய உறவு உண்டு. ஆப்பிள் ஆட்டத்தை ரோமானியரின் கனித் தெய்வமான பொமோனாவோடு இணைக்கும் கதை பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குச் சான்று இல்லை.

குறி பார்க்கும் வழக்கங்களுக்கு விரிவான எழுத்துச் சான்று ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸிடம் கிடைக்கிறது. 1785-ல் எழுதி, 1786-ல் கில்மார்னாக்கில் அச்சான தொகுப்பில் சேர்த்த ‘ஹாலோவீன்’ கவிதைக்கு அவரே குறிப்புகளும் எழுதினார். ஆய்வாளருக்குக் கவிதையைவிட அக்குறிப்புகளே அதிகம் பயன்படுகின்றன. இளைஞர்கள் இருவர் இருவராகக் கைகோத்து, கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்துக்குள் போய், முதலில் கையில் தட்டுப்படும் கீரைத்தண்டைப் பிடுங்குவார்கள். தண்டு நேராக இருந்தால் துணையும் நிமிர்ந்த உடலோடு இருப்பார்; கோணல் என்றால் அவரும் கோணல். வேரில் ஒட்டிய மண் சீர்ப்பணத்தைக் குறிக்கும். தண்டின் உட்பகுதியைக் கடித்துப் பார்த்து, இனிக்கிறதா கசக்கிறதா என்பதைக் கொண்டு குணத்தைச் சொல்வார்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனப் பெயரிட்ட இரு கொட்டைகள் கணப்பில் சேர்ந்து எரிந்தால் உறவு நிலைக்கும். ஒன்று துள்ளி விலகினால் முறியும். மற்றொன்று மூன்று கிண்ண ஆட்டம். கண்கட்டிய ஆண் தெளிந்த நீரில் இடக்கையை வைத்தால் கன்னிப்பெண்ணை மணப்பான். கலங்கிய நீரானால் கைம்பெண்ணை. வெறுங்கிண்ணமானால் மணமே இல்லை. ஒவ்வொரு முறையும் கிண்ணங்களை இடம் மாற்றி, மூன்று முறை பார்ப்பார்கள்.

அயர்லாந்தின் சான்று ஓவியமாக உள்ளது. கார்க் மாவட்டத்துப் பிளார்னியில் 1832-ல் கண்ட ஹாலோவீன் விருந்தை ஓவியர் டேனியல் மக்லீஸ் 1833-ல் வரைந்தார். அதில் இடம்பெறும் ஆப்பிள் கவ்வும் ஆட்டம் ஆபத்தானது. ஒரு முனையில் ஆப்பிளும் மறுமுனையில் எரியும் மெழுகுவர்த்தியுமாகத் தொங்கும் குச்சியைச் சுழற்றிவிட்டு, கையைப் பயன்படுத்தாமல் கடிக்க வேண்டும். தவறினால் முகத்தில் சுடும். அயர்லாந்துக் கிண்ண ஆட்டத்தில் மரணமும் ஒரு பலனாக இருந்தது; களிமண் அதைக் குறித்தது. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் (1914) வரும் ‘களிமண்’ கதையில், கண்கட்டிய மரியாவின் விரல் ஈரமான எதையோ தொடுகிறது. கூடத்தில் பேச்சு அடங்குகிறது. அதைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டு மறுபடி ஆடவைக்கிறார்கள்.

1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் புலம்பெயர்ந்த அயர்லாந்து மக்கள் இவ்வழக்கங்களை அமெரிக்காவில் பரப்பினர். ஸ்காட்லாந்துக் குடியேறிகளுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் இவை நடுத்தர வர்க்க வரவேற்பறைக்குள் நுழைந்தன. மார்த்தா ரசல் ஓர்ன் 1898-ல் வெளியிட்ட கையேடு ஹாலோவீன் விருந்து நடத்துவதற்கென்றே எழுதப்பட்டது. வாய்வழி வந்த வழக்கம் அச்சேறியதும் வணிகமும் சேர்ந்துகொண்டது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த டெனிசன் காகித நிறுவனம் 1909-ல் முதல் ‘போகி புக்’கை வெளியிட்டது. அதில் விருந்து யோசனைகள் நிறைந்திருந்தாலும் உள்நோக்கம் கிரேப் காகித விற்பனைதான். கறுப்புப் பூனை, சூனியக்காரி, எலும்புக்கூடு ஆகியவை ஆட்டங்களுக்குள் புகுந்ததில் இத்தகைய நிறுவனங்களின் பங்கு பெரிது. கழுதைக்கு வால் வைக்கும் பழைய ஆட்டம் சூனியக்காரிக்கு மூக்கு வைப்பதாக மாறியது.

ஆட்டங்கள் குழந்தைகள் கைக்கு வந்ததற்கு இன்னொரு காரணம் தெருக்குறும்பு. மினசோட்டாவின் அனோகா நகரம், பிள்ளைகளின் அட்டகாசத்தைத் திசைதிருப்ப 1920-ல் ஹாலோவீன் ஊர்வலம் தொடங்கியது. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் சேதம் அதிகரிக்கவே, பள்ளிகளும் சங்கங்களும் விருந்துகளை நடத்தின. அண்டை வீட்டார் செலவைப் பகிர்ந்து, வீட்டுக்கு ஓர் ஆட்டமாகப் பிரித்துக்கொண்டனர். இருட்டான நிலவறைச் சுவரில் பச்சை ஈரல் துண்டுகளைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளைத் தடவ வைக்கும்படி அக்காலக் கையேடு ஒன்று யோசனை சொல்கிறது. தோலுரித்த திராட்சையைக் கண்விழி என்று சொல்லித் தொடவைக்கும் இன்றைய ஆட்டமும் இதே வகை. கழிப்பறைக் காகிதத்தால் ஒருவரை மம்மியாகச் சுற்றும் ஆட்டத்துக்குக் குறியோடு எந்தத் தொடர்பும் இல்லை. அது முழுக்கப் புதியது.

1947-ல் அமெரிக்காவில் சர்க்கரைப் பங்கீடு முடிந்ததும் வீடுவீடாக மிட்டாய் கேட்கும் வழக்கம் வலுத்தது. விருந்தாட்டம் இரண்டாம் இடத்துக்குப் போனது. ஆப்பிள் தொட்டியின் பெயரும் கெட்டது. அகதா கிறிஸ்டியின் ‘ஹாலோவீன் பார்ட்டி’ நாவலில் (1969) ஒரு சிறுமி அத்தொட்டியில்தான் மூழ்கடிக்கப்படுகிறாள். கதையைவிட வலுவான ஆட்சேபம் சுகாதாரம் சார்ந்தது: ஒரே நீரில் பலர் வாய்வைக்க வேண்டியிருக்கிறது. நாற்காலி முதுகின் மேல் குனிந்து, பல்லில் கவ்விய முள்கரண்டியை ஆப்பிள்மீது விழவைக்கும் ஸ்காட்லாந்து முறையில் இச்சிக்கல் இல்லை.

குறியின் பழைய பொருள் அதிகம் மாறாமல் நிற்பது ஆட்டத்தில் அன்று, தின்பண்டத்தில்தான். அயர்லாந்துக் கடைகளில் ஹாலோவீனுக்கு விற்கும் உலர்பழ ரொட்டியான பார்ம்பிராக்குக்குள் இன்றும் மோதிரம் வைக்கிறார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அடுத்துக் கலியாணம் என்பதே இப்போதும் பலன்.