லாஸ் வேகாஸும் ஒரு ரூபாய்ச் சீட்டும்

2018-ல் மகன் அழைத்ததால் நானும் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். "இவ்வளவு தூரம் வந்துட்டு லாஸ் வேகாஸ் பாக்காம போறதாப்பா?" என்று அங்கேயும் கூட்டிப் போனான். விமான நிலையத்தில் பெட்டி எடுக்கப் போகும் வழியிலேயே சூதாட்ட இயந்திரங்கள் வரிசையாக நின்றன. முசரவாக்கத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் ஒட்டவே இல்லை.

பாலைவனத்தில் இப்படி ஓர் ஊர் எப்படி வந்தது? லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். ஊற்றுத் தண்ணீர் இருந்ததால் அந்தப் பெயர். மற்றபடி வருடத்துக்கு நாலு அங்குல மழைதான். 1905-ல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டதில் ஊர் பிறந்தது. அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1910-ல் சூதாட்டத்துக்குத் தடையே வந்தது! பிறகு 1929-ல் தொடங்கிய பொருளாதார மந்தம். கஜானாவுக்கு வருமானம் வேண்டும். 1931-ல் மாநில அரசே சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதே வருடம் பக்கத்தில் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை வேலை தொடங்க, கூலி வாங்கிய கைகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன.

ரூலெட் என்ற சுழல் சக்கரத்தை மகன் காட்டினான். அதில் 38 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டாலர் வைத்தால் 38 டாலர் செலவு. ஜெயித்த கட்டத்துக்குக் கிடைப்பது, வைத்த டாலரையும் சேர்த்து 36. மீதி இரண்டு டாலர் கடைக்காரருக்கு. ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை, கணக்கே போதும். அந்தக் கூடத்தில் ஜன்னலும் இல்லை, கடிகாரமும் கண்ணில் படவில்லை.

எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-ல்தான் தமிழக அரசு லாட்டரி தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அங்கே 1931-ல் நடந்ததுதான் இங்கே 1968-ல் நடந்தது. இரண்டு அரசுக்கும் பணம் தேவைப்பட்டது. எண்ணம் நல்லதுதான்.

அப்பா மாதம் ஒரு ரூபாய்ச் சீட்டு வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். விழாவிட்டால் சிரித்துக்கொண்டே தறிக்குழியில் இறங்கிவிடுவார். அதோடு சரி. என் பெரியப்பா மகன் அப்படி இல்லை. தொண்ணூறுகளில் வெளிமாநிலச் சீட்டும் ஒரு நம்பர் லாட்டரியும் தெருவுக்குத் தெரு வந்தபோது அண்ணன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வாங்க ஆரம்பித்தார். விட்டதைப் பிடிக்கக் கடன். கடனை அடைக்கக் கடைசியில் தறியையே விற்றார். சொந்தத் தறியில் கோர்வைச் சேலை நெய்த மனிதர் அடுத்த வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். 2003 ஜனவரியில் அரசு லாட்டரியை ஒழித்தது. அண்ணனுக்குத் தறி திரும்பவில்லை.

இத்தனைக்கும் சூதின் விலை நம் ஊருக்குத் தெரியாததல்ல. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்தால், பகடை உருளும் இரவில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தச் சூதில் நாட்டை இழந்தவர்களுக்காகத் தூது போன கண்ணன்தான் காஞ்சியில் பாண்டவ தூதப் பெருமாளாக உட்கார்ந்திருக்கிறார்.

மகன் இருபது டாலர் கொடுத்து, "சும்மா ஆடிப் பாருங்கப்பா" என்றான். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் மாற்றி, அண்ணன் கையில் கொடுத்தேன். எங்கிருந்து வந்த பணம் என்று சொல்லவில்லை.

இப்போது லாஸ் வேகாஸ் போக விமானம் வேண்டாம், செல்போன் போதும். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் நம் சட்டசபை சட்டம் போட்டது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். பேரப்பிள்ளைகளுக்கு அந்த 38 கட்டக் கணக்கை நாம் சொல்லிக்கொடுப்போம்.