சுற்றுப்பலகைக் கழிவிலிருந்து தங்கம்

சுற்றுப்பலகைக் கழிவிலிருந்து தங்கம் பெறுதல் என்பது, பயன்பாடு முடிந்த கணினி, நகர்பேசி, தொலைத்தொடர்புக் கருவி முதலியவற்றின் மின்சுற்றுப் பலகைகளில் உள்ள தங்கத்தை மீட்டெடுப்பதாகும். 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை, நோக்கியா நிறுவனம் 2006 முதல் 2014 வரை நகர்பேசி தயாரித்த திருப்பெரும்புதூர் ஆகியவை பூந்தமல்லிக்கு அருகில் உள்ளன. இந்தியாவின் பிற ஊர்களைப் போலவே இப்பகுதியிலும் பழைய பலகைகள் பலவும் காயலான் கடை வழியாகக் கைமாறுகின்றன. கடையில் விலை கிலோவுக்குப் பேசப்படுகிறது. பலகையின் மதிப்போ அதிலுள்ள மில்லிகிராம்களைப் பொறுத்தது. விற்பவர் இழப்பது இந்த இடைவெளியில்தான்.

தங்கத்தின் அளவு

தங்கம் துருப்பிடிக்காது, மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே இணைப்பான்களின் முனைகள், நினைவகப் பலகையின் விளிம்பிலுள்ள பட்டைகள், சில்லுகளுக்குள் இருக்கும் மயிரிழைக் கம்பிகள் ஆகியவற்றில் அது பயன்படுகிறது. இணைப்பான்களில்கூடப் பூச்சின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர்தான். ஆதலால் பளபளப்பை வைத்து எடையை மதிப்பிட இயலாது.

ஒரு டன் கணினிப் பலகையில் சுமார் 200 கிராம் தங்கம் இருக்கலாம். சுரங்கத் தாதுவில் டன்னுக்கு 5 கிராம் அளவே கிடைக்கிறது. இக்கணக்கின்படி ஒரு பவுன் (8 கிராம்) தங்கம் 40 கிலோ கணினிப் பலகையில் அடங்கும். தொலைக்காட்சிப் பலகையில் டன்னுக்கு 20 கிராம் அளவே இருப்பதால், அதே ஒரு பவுனுக்கு 400 கிலோ தேவைப்படும். மிக்சி, மின்வழங்கி ஆகியவற்றின் பழுப்புப் பலகைகளைத் தங்கத்திற்காக விற்க முயல்வதில் பயனில்லை. 1995இல் வெளிவந்த பென்டியம் புரோ போன்ற பீங்கான் உறை கொண்ட செயலிகளில் தங்கம் மிகுதி. தங்கத்தின் விலை ஏறியபின் சில்லுகளுக்குள் செப்புக் கம்பி புகுந்ததால், புதிய பலகை என்பதாலேயே அது மதிப்புள்ளது ஆகிவிடாது.

காடியில் கரைத்தல்

சில இடங்களில் பலகைகளைத் திறந்த வெளியில் எரித்தும், நைட்ரிக் காடி, சயனைடு ஆகியவற்றில் ஊறவைத்தும் தங்கம் எடுக்கின்றனர். 2006இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வு, இத்தகைய பட்டறைகளில் பலகையிலுள்ள தங்கத்தில் கால் பங்கு அளவே மீட்கப்படுவதாகக் காட்டியது. பெல்ஜியத்தின் ஓபோகன் நகரில் உள்ளதைப் போன்ற பெரிய உருக்காலைகள் 95 விழுக்காடு வரை மீட்கின்றன. ஒரு பவுனுக்கு 40 கிலோ போதும் என்ற கணக்கு, பட்டறையில் 160 கிலோவாகிவிடுகிறது. வெள்ளியும் பல்லேடியமும் பெரும்பாலும் கழிவு நீரோடு போகின்றன. எரிக்கும்போது எழும் டையாக்சின், பற்றாசிலுள்ள ஈயம், காடிப் புகை ஆகியவை வேலை செய்பவரின் உடலிலும் அக்கம்பக்கத்து மண்ணிலும் சேர்கின்றன.

விற்கும் முறை

கலந்த குவியலுக்கு அதிலுள்ள மட்டமான பலகையின் விலையே பேசப்படும். ஆகவே சேவையகம், தொலைத்தொடர்பு, நினைவகப் பலகைகளை ஒரு தரமாகவும், தாய்ப்பலகைகளை மற்றொரு தரமாகவும், தொலைக்காட்சிப் பலகைகளைத் தனியாகவும் பிரிக்க வேண்டும். அலுமினிய வெப்பத்தணிப்பான், இரும்புச் சட்டம், மின்மாற்றி ஆகியவற்றைக் கழற்றி அந்தந்த உலோக விலைக்கு விற்கலாம். மின்கலங்களைக் கட்டாயம் நீக்க வேண்டும். செயலிகளைப் பிடுங்கித் தனியே விற்றால் எஞ்சிய பலகையின் தரம் குறையும். இரண்டு தொகையையும் கூட்டிப் பார்த்த பின்பே முடிவு செய்வது நல்லது.

உருக்காலைகள் மாதிரியை அரைத்துச் சோதித்து, செயலாக்கக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு பணம் தருகின்றன. சோதனைச் செலவு சிறிய சரக்குக்குக் கட்டாது. சிறு வணிகர்கள் சேர்ந்து சரக்கைத் திரட்டினால் மட்டுமே இவ்வழி பயன் தரும்.

சட்டம்

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022இன்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாயிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஆயிரத்துக்கும் குறையாத கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்கலாம். மீட்கப்படும் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு மறுசுழற்சியாளருக்குச் சான்றிதழ்கள் கிடைக்கின்றன. உற்பத்தியாளர்கள் அவற்றை விலைக்கு வாங்குகின்றனர். விலை பேசும்போது, வாங்குபவருக்கு இந்த வருவாயும் உண்டு என்பதை விற்பவர் அறிந்திருப்பது நலம்.