ட்யூமர் மார்க்கர் அதிகமா இருந்தா கேன்சர்தானா? ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறும் முன் இதைப் படிங்க

'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ்களில் சிஏ-125, பிஎஸ்ஏ, சிஇஏ மாதிரியான டெஸ்ட்களையும் இப்போது சேர்த்து விற்கிறார்கள். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் 'ஹை' என்று இருக்கிறது. அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் அந்த எண் நிஜமாகவே என்ன சொல்கிறது?

ட்யூமர் மார்க்கர்னா என்ன?

புற்றுநோய் செல்கள் ரத்தத்தில் கலக்கவிடும் சில பொருட்கள்தான் இவை. பெரும்பாலும் புரதங்கள். சிக்கல் என்னவென்றால், இதே பொருட்களை நல்ல செல்களும் உருவாக்கும். அதனால் அளவு கூடினாலே கேன்சர் என்று சொல்லிவிட முடியாது.

சிஏ-125ஐ எடுத்துக்கொள்வோம். சினைப்பைப் புற்றுநோய்க்கான மார்க்கர். மில்லி லிட்டருக்கு 35 யூனிட் வரை நார்மல் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் மாதவிடாய், கர்ப்பத்தின் தொடக்க மாதங்கள், எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைக் கட்டி, கல்லீரல் சுருக்கம் என எதிலும் இது ஏறலாம். நம்ம ஊருக்கு முக்கியமான ஒன்று, வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 நூற்றுக்கணக்கில் எகிறி, கேன்சர் என்று சந்தேகித்து ஆபரேஷன் வரை போய், கடைசியில் டிபி என்று தெரிந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறைய பதிவுகள் உண்டு. டிபி மாத்திரையில் குணமாகும் நோய் அது!

மறுபக்கமும் இருக்கிறது. தொடக்க நிலை சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சிஏ-125 நார்மலாகவே இருக்கும். 'நார்மல்' என்ற நிம்மதியும் முழுசா நம்பக்கூடியது இல்லை.

அப்போ எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தால்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பெண்களில் 5 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அந்த 5 பேரையும் பிடித்துவிடுகிறது. நோய் இல்லாத 100 பேரில் 2 பேரிடம் மட்டும்தான் தப்பாக 'ஹை' காட்டுகிறது. கேட்க நல்ல டெஸ்ட் மாதிரிதான் இருக்கு. ஆனால் 'ஹை' வந்த சுமார் 205 பேரில் 200 பேருக்கு நோயே இல்லை.

இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 78,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. சிஏ-125, ஸ்கேன் இரண்டையும் வைத்துச் சோதித்ததில், நோய் இல்லாமலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அவர்களில் 163 பேருக்குத் தீவிரமான பக்கவிளைவுகள். உயிரிழப்போ குறையவில்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்விலும் உயிரிழப்பு குறையவில்லை என்றுதான் 2021இல் முடிவு வந்தது.

மற்ற மார்க்கர்கள்?

கதை இதேதான். புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று இருந்தாலே பிஎஸ்ஏ கூடும். புகைப்பிடிப்பவர்களுக்கு சிஇஏ இயல்பாகவே சற்று அதிகம். மஞ்சள் காமாலையில் சிஏ 19-9 எகிறும். நூற்றில் 5 முதல் 10 பேருக்கு, ரத்த வகை காரணமாக அது உருவாவதே இல்லை.

அப்போ இந்த டெஸ்ட்டே வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. கேன்சர் உறுதியானவர்களுக்கு இது ரொம்ப உதவும். குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு இறங்கிய சிஇஏ மறுபடி ஏறத் தொடங்கினால், நோய் திரும்புகிறதா என்று டாக்டர் உடனே தேடுவார். விதைப்பைப் புற்றுநோயில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி இல்லாமல் சிகிச்சையைத் திட்டமிடவே முடியாது. ஆனால் நோயைக் கண்டறியும் வேலையைப் பெரும்பாலும் ஸ்கேனும், சதையெடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும்தான் செய்கின்றன.

'ஹை' வந்துவிட்டால்?

கூகுளை மூடிவிட்டு டாக்டரிடம் போங்க. உங்கள் அறிகுறி, வயது, குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் இருந்ததா என்பதை வைத்து அவர் முடிவு செய்வார். சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் அதே லேபில் எடுங்க. லேபுக்கு லேப் எண் மாறும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்க. சில கருவிகளில் அது ரிசல்ட்டையே மாற்றிக் காட்டும்.