கால்சட்டைக் கோவில்

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்துக்குக் 'கால்சட்டைக் கோவில்' என்று பட்டப்பெயர் உண்டு. 1872இல் கட்டியது. பீடம் ஒன்றுதான், அங்கிருந்து இரண்டு கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள் பிரியும். ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடார் உள்ளிட்ட பிறருக்கு. எல்லோருக்கும் சாமியார் தெரிவார், ஒருவருக்கொருவர் தெரியாது.

கட்டியவர்களைச் சாதி வெறியர்கள்னு சொல்லிட்டுப் போயிடலாம். என்னால் முடியவில்லை. ஓயாத சண்டையில் இரு தரப்பையும் திருச்சபைக்குள் வைத்திருக்கத்தான் சேசு சபைக் குருக்கள் இதற்கு இணங்கினார்கள். ஆனால் சமரசம் செங்கல்லானதும் உரிமையாகிவிடுகிறது. 1910இல் குருக்கள் தடுப்பை இடித்தபோது வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள், தனியாக வழிபடும் உரிமைக்காக. உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

தமிழகத்தில் பல ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் தனித்தனிதான். அங்கே யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்?